கேட்ட மருந்தைக் கொடுக்காத மருந்துக்கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடை வரிசை ஒன்றில், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கூரையிட்ட நடைபாதையை ஒட்டி, தையற்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே இருக்கும் சிறிய மருந்தகத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். பெயரைப் போட்டால் விளம்பரம் போல ஆகிவிடும், வேண்டாம் என்று மருந்தாளர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்களுக்கு இந்த அடையாளமே போதும். சென்ற தீபாவளி முடிந்த வாரத்தில், மூன்று வயதுப் பேரனின் இருமலுக்கு மருந்து வாங்க அங்கே போனேன். நான் கேட்டவற்றுள் ஏறக்குறைய எதையும் அவர்கள் எனக்கு விற்கவில்லை. மாறாக, அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசி, குழந்தையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். சொல்லிக் கொடுப்பதில் எது சிரத்தை, எது ஒப்புக்குச் செய்வது என்று எனக்குத் தெரியும்.

என் மகளும் மருமகனும் ஈப்போவில் தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்கிறார்கள். ஈப்போ இங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும், இரவு முறை வரும் வாரங்களில் பேரன் என்னோடுதான் இருப்பான். அந்த வாரம் முதல் இரண்டு நாள் அவனுக்கு மூக்கு ஒழுகியது, காய்ச்சல் 38.4 பாகை வரை ஏறியது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் மட்டும் மிஞ்சியது. பகலெல்லாம் விளையாடுவான், சோற்றைத் தள்ளினாலும் கஞ்சியைக் குடித்துவிடுவான். படுக்க வைத்தால்தான் இருமல் பிடித்துக்கொள்ளும். நான்காம் இரவு இரண்டு மணிக்கு இருமி இருமிச் சளியோடு பாலையும் வாந்தியெடுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் எவருக்கும், விடிந்ததும் ஏதாவது ஒரு போத்தலை வாங்கி வந்து இதை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அவனுடைய அக்காள் விஷயத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்ட பாடு என் நினைவில் இருந்தது. அவளுக்கும் அப்போது மூன்று வயது. இருமல் என்று சொன்னவுடன், வயதென்ன, எடையென்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல், வேறொரு கடையில் மூன்று போத்தல்களை எடுத்து வைத்துவிட்டார்கள்: சளிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. கொடுத்த அன்று பிள்ளை பகல் முழுவதும் எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கினாள். பதறிப்போய்க் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அந்த மூன்றில் இரண்டு போத்தல்களில் ஒரே தூக்க மருந்துதான் இருக்கிறது, பெயர்தான் வேறு என்று மருத்துவர் காட்டினார். அந்தப் பகலை என்னால் மறக்க முடியவில்லை. இந்த முறை கடையை மாற்றியதற்கு அதுவே காரணம்.

கல்லாவில் நின்ற பெண் ஒரு காலத்தில் என்னிடம் மூன்றாம் ஆண்டு படித்தவள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணத்தில் குடியிருக்கிறாள். "டீச்சர், மருந்து யாருக்கு?" என்று கேட்டாள், பேரனுக்கு என்றதும், "குழந்தைக்கு என்றால் மருந்தாளர்தான் பேச வேண்டும், கொஞ்சம் நில்லுங்கள்" என்று உள்ளே போய் அழைத்து வந்தாள். மருந்தாளர் ஓர் இளம் சீனர். மலாயில் பேசினார், எனக்குப் புரியாத இடங்களை அவள் தமிழில் சொன்னாள். அவர் முதலில் கேட்டவை எல்லாம் கேள்விகளே. வயது, எடை, எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் எப்போது நின்றது, தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா, வீட்டில் யாருக்காவது இழுப்பு உண்டா, தடுப்பூசிகள் தவறாமல் போட்டாயிற்றா. பிறகு, நான் சற்றும் எதிர்பாராத ஒரு கேள்வி: "தீபாவளிப் பலகாரத்தில் கச்சாங் சாப்பிட்டானா? சாப்பிடும்போது திடீரென்று புரையேறி இருமல் தொடங்கியதா?" வேர்க்கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துகொண்டால் அதுவும் நாள்கணக்கில் இருமலாகவே தெரியும், அதை எந்த மருந்தும் எடுக்காது, உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று விளக்கினார். இவனுக்கு அப்படி நேரவில்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். தீபாவளி வாரத்தில் ஒரு தமிழ் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக் கேட்டவர் அவர்.

என் பையில் ஒரு போத்தல் இருந்தது. தமிழ்நாட்டுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்காள், அங்கே பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள் என்று அன்போடு கொடுத்த இருமல் மருந்து அது. இதைக் கொடுக்கலாமா என்று நீட்டினேன். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையிலிருந்த வேறொரு மருந்துப் பெட்டியை எடுத்து அருகில் வைத்தார். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்து என்றால் பெட்டியில் 'எம்ஏஎல்' என்ற மூன்று எழுத்துகளும், அதன் பின் எட்டு இலக்கங்களும், அவற்றை அடுத்து எழுத்தும் இருக்கும்; இலக்கங்களை அடுத்து வரும் முதல் எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'எக்ஸ்' என்றால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது, 'ஏ' என்றால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கூடவே ஒளிரும் பாதுகாப்பு ஒட்டுத்தாளும் இருக்கும். அக்காள் கொடுத்த போத்தலில் இவற்றுள் எதுவும் இல்லை. அதனால் அது கெட்ட மருந்து என்று தான் சொல்லவில்லை, ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் பரிசோதித்துப் பொறுப்பேற்கவில்லை என்றார்.

இதை அவர் வெறும் சட்டமாகச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் 2022 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்ததை ஒட்டி, நான்கு இருமல், சளி மருந்துகளைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்ததை அவர் நினைவூட்டினார். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த செய்தியை நானே நாளிதழில் படித்திருந்தேன். அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதும் தெரியும். இனிப்பும் குழம்புத்தன்மையும் சேர்ப்பதற்காக மருந்தில் கலக்கும் திரவங்களில், டையெத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு கலந்துவிடுவதுதான் இந்த மரணங்களுக்குக் காரணம். என் கையிலிருந்தது அந்த மருந்து அல்ல. ஆனாலும் அதில் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பினைல்எப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருந்தன. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கலவையைக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. போத்தலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சரி, இங்கே பதிவு பெற்ற இருமல் மருந்தையாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் அவர் உடன்படவில்லை. பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்: இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டு முதல் ஆறு வயது வரை மருத்துவர் அல்லது மருந்தாளரின் ஆலோசனையோடு எச்சரிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்று மலேசியாவில் விற்கும் சளி, இருமல் மருந்துகளில் எழுதியிருக்கிறது. பிரிட்டனில் 2009 முதல் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவற்றை விற்பதே இல்லை. காரணம் எளியது: சின்னப் பிள்ளைகளின் இருமலை இவை குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை, மயக்கமும் படபடப்பும் போன்ற கெடுதல்களோ உறுதியாக இருக்கின்றன. "ஆலோசனை கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள் ஆன்ட்டி, என் ஆலோசனை இது வேண்டாம் என்பதுதான்" என்றார்.

இருமல் என்பது நோயல்ல, மூச்சுப்பாதையைச் சுத்தம் செய்ய உடம்பு செய்யும் வேலை என்று அவர் சொன்னபோது, இரண்டு மணிக்கு விழித்திருந்த எனக்கு அது அவ்வளவாக ஆறுதல் தரவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்ன ஒரு கணக்கு என்னை நிதானப்படுத்தியது. சளியோடு வரும் இருமல் மூன்று நாளில் நிற்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பத்து நாட்கள் வரை இருக்கிறது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு நிற்பதற்கு 25 நாட்கள் வரை ஆகிறது. பாலர் பள்ளி வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கம். ஆகவே ஒன்று போய் ஒன்று வரும்போது பிள்ளை எப்போதும் இருமிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். ஆன்டிபயோட்டிக் கேட்கலாமா என்றதற்கு, அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து, அன்றியும் வைரஸ் கிருமியால் வரும் இந்த இருமலுக்கு அதனால் பயனில்லை என்று இரண்டே வாக்கியங்களில் முடித்தார்.

கடைசியில் அவர் விற்றவை மூன்று பொருட்கள். மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்து ஒன்று, அதில் 0.9 விழுக்காடு உப்புக் கலந்த சுத்தமான நீரைத் தவிர வேறெதுவும் இல்லை. அக்குளில் வைத்துப் பார்க்கும் மின்னியல் வெப்பமானி ஒன்று, ஏனென்றால் என் வீட்டில் இருந்த பழையது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்ணைக் காட்டியது. மருந்து அளக்கும் ஊசியில்லாப் பீச்சுக்குழல் ஒன்று. எல்லாம் சேர்த்து 34 ரிங்கிட். உப்புநீரை விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, இளகிய சளியைத் துடைத்துவிட்டுப் படுக்க வைக்க வேண்டும். பின்பக்கமாக வழியும் மூக்குச் சளிதான் படுத்தவுடன் தொண்டையில் இறங்கி இருமலைத் தூண்டுகிறது என்பதால், மூக்கைச் சுத்தம் செய்வதே இரவு இருமலுக்கு முதல் வேலை. பேரன் முதல் நாள் அழுதான். மூன்றாம் நாள் தானே தலையைச் சாய்த்துக் காட்டினான்.

பாராசிட்டமோலைப் பற்றி அவர் சொன்னதைப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் எல்லோரும் கவனிக்க வேண்டும். வீட்டில் ஏற்கனவே ஒரு போத்தல் இருக்கிறது என்றேன். "கைப்பேசியில் படம் இருக்கிறதா, யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள்" என்றார். மருமகன் எடுத்து அனுப்பிய படத்தில், 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று இருந்தது. அது பேரனின் அக்காளுக்காக வாங்கியது. சின்னவனுக்கு நான் இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்ததோ 120 மில்லிகிராம் போத்தலை மனத்தில் கொண்டு. இரண்டுமே கடைகளில் கிடைக்கின்றன; நிறமும் வாசனையும்கூட ஏறக்குறைய ஒன்று. குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒருவேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. 14 கிலோ எடையுள்ள என் பேரனுக்கு 120 மில்லிகிராம் மருந்தில் 7.5 மில்லி சரி, அதே 7.5 மில்லியை 250 மில்லிகிராம் போத்தலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. அதுவும் காய்ச்சலோ வலியோ இருந்தால்தான், இருமலுக்காக அல்ல. சமையலறைக் கரண்டியால் அளக்கவே கூடாது என்றுதான் அந்தப் பீச்சுக்குழல். டெங்கி உலவும் ஊர் இது என்பதால், காய்ச்சலுக்கு ஐபுப்ரோபன் என்ற வலி, காய்ச்சல் மருந்தை நாமாகக் கொடுக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவை அது கூட்டிவிடும்.

பிறகு தேன். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இரவு படுக்கும் முன் தேன் கொடுப்பதால் இருமல் குறைகிறது, தூக்கம் வருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுவதாகவும், மூன்று வயதுக்கு அரைத் தேக்கரண்டி போதும் என்றும் சொன்னார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துக்கள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளர வைக்கும் நச்சை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் மனம் கோணாமல் அதைத் தடுக்க வேண்டும். கடையில் கெலுலுட் எனப்படும் கொடுக்கில்லாத் தேனீயின் தேன் அழகான போத்தலில் 60 ரிங்கிட்டுக்கு இருந்தது. அது வேண்டுமா என்று கேட்டேன்; வீட்டில் கலப்படமில்லாத தேன் எது இருந்தாலும் போதும் என்று சொல்லிவிட்டார். அறுபது ரிங்கிட் விற்பனையை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்த கடைக்காரரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

நம் கைவைத்தியத்தை அவர் இளக்காரமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் இவ்வளவு மனமாரப் பாராட்டியிருக்க மாட்டேன். என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மிளகு தட்டிப் போட்ட மெல்லிய ரசம், வெதுவெதுப்பான கஞ்சி, சிறிது மஞ்சள் போட்ட பால், இவையெல்லாம் உணவுதான், தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுங்கள் என்றார். கற்பூரவள்ளிச் சாற்றைப் பற்றிக் கேட்டபோது, எவ்வளவு கொடுக்கலாம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பிழிந்த சாற்றைச் சங்கு சங்காகக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். ஒன்று வேது பிடிப்பது. கொதிநீர்ச் சட்டியின் முன் போர்வையால் மூடிப் பிள்ளையை உட்கார வைப்பதால் சளி இளகும் என்பதற்குச் சான்று இல்லை. சட்டி சாய்ந்து வெந்துபோன பிள்ளைகளோ மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டாவது சூடம். தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது என் அம்மா எங்கள் எல்லோருக்கும் செய்தது. லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. ஆனால் சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகக்கூடியது. தவறி வாயில் போனால் சிறிய அளவே குழந்தைக்கு வலிப்பை வரவழைத்துவிடும். இரண்டு வயதுக்குள் சூடமோ மெந்தாலோ கலந்த எந்தத் தைலமும் வேண்டாம், அதற்கு மேலும் மூக்கருகில் தடவ வேண்டாம் என்றார். நான் இப்போது வெறும் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்துத் தடவுகிறேன். இருமலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை அதில் அமைதியாகிறான், பாட்டியின் கை அங்கே இருக்கிறது.

மூன்றாவது புகை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, இரவெல்லாம் எரியும் கொசுவர்த்திச் சுருள், வாசலில் நின்று பிடிக்கும் சிகரெட், மூன்றையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலே பள்ளியில் பிள்ளைகளை வெளியே விளையாட விடமாட்டோம். வீட்டுக்குள் நாமே மூட்டும் புகைக்கு அப்படி ஒரு கணக்கும் வைப்பதில்லை. கொசுவுக்கு வலை கட்டினேன். சாம்பிராணியைப் பேரன் இருக்கும் வாரங்களில் நிறுத்திவிட்டேன்.

அலமாரியில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. காற்றை ஈரமாக்கும் குளிர்ப்பனிக் கருவி 129 ரிங்கிட். குளிர்சாதனம் இல்லாத நம் வீடுகளில் காற்றே போதிய ஈரமாக இருக்கிறது, தினமும் கழுவாவிட்டால் கருவிக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று வேண்டாம் என்றார். மற்றொன்று, கிளினிக்கில் 'காஸ்' வைக்கும் நெபுலைசர், மருந்தை மென்பனியாக்கி மூச்சோடு இழுக்க வைப்பது. இழுப்பு உள்ள பிள்ளைக்கே, உரிய மருந்துக்குழலை (இன்ஹேலரை) முகமூடியுள்ள இடைக்குழாயோடு சேர்த்து மருத்துவர் சொன்னபடி கொடுத்தால் அதே பலன் கிடைக்கும். சாதாரண இருமலுக்கு அந்த இயந்திரத்தால் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் சொல்லிக் கொடுத்தார்: மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல், ஓடாமல், அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, அமைதியாக இருக்கும்போதே கரகரவென்று சத்தம் வருவது, உதடு நீலம் பாய்வது, எதையும் குடிக்க மாட்டாமல் போவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றால் அதுவே போதும், இருமலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், நின்ற காய்ச்சல் திரும்பினாலும், இருமல் மூன்று வாரத்தைக் கடந்தாலும், இருமித் தீர்ந்தபின் கூவுவது போல் மூச்சை இழுத்தாலும் கிளினிக்குக்குப் போக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். இவற்றை ஒரு தாளில் மலாயில் எழுதி, 40 என்ற எண்ணை வட்டமிட்டுக் கொடுத்தார்.

அவர் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, நான் சிறுமியாக இருந்த காலத்துத் தோட்ட டிரெஸ்ஸரை, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளரை, நினைத்துக்கொண்டேன். பெரிய கண்ணாடிப் போத்தலிலிருந்து எல்லோருக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுப்பார். இன்று நினைத்தால் அந்த மருந்தில் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. ஆனால் மாலையில் பால்மர (ரப்பர்)க் காட்டு வழியே சைக்கிளில் வந்து, லயத்து வாசலில் குந்தி உட்கார்ந்து, இருமும் பிள்ளையின் நெஞ்சைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டேயிருப்பார். அவர் என்ன பார்த்தார் என்பது அறுபது வயதைக் கடந்தபின், இந்தக் கடையில்தான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவு எண்ணியபோது 28. ஆறாம் இரவு இருமல் கூடியது போலத் தோன்றியது. மறுபடியும் எண்ணினேன், 30. மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் விடிய விட்டேன். ஒன்பதாம் நாள் பொறுமை இழந்து மீண்டும் கடைக்குப் போய், இப்போதாவது ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர் எரிச்சல் காட்டவில்லை. அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டு, குறிப்பில் எழுதிக்கொண்டு, பதினைந்து நிமிடம் பேசி, ஒன்றும் விற்காமல் அனுப்பினார். பதினேழாம் நாள் இருமல் முற்றிலும் நின்றது.

குறைகளும் உண்டு. மருந்தாளர் ஒருவர்தான், மதியம் ஒன்று முதல் இரண்டு வரை அவர் இல்லாத நேரத்தில் கட்டுப்பாட்டு மருந்து அலமாரி பூட்டியிருக்கும், ஆலோசனையும் கிடைக்காது. ஞாயிறு விடுமுறை. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பட்டணத்துக்கு வருவதே ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அரை மணி நேர ஆலோசனையை இடுப்பில் பிள்ளையோடு நின்று கேட்பது கடினம். உப்புநீர் மருந்து ஈப்போவின் பெரிய கடைகளைவிட மூன்று ரிங்கிட் கூடுதல். அந்த ஆலோசனைக்கு மூன்று ரிங்கிட் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் நாள்கூலிக்காரருக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை மொழி. அன்று கல்லாவில் அந்தப் பெண் இருந்ததால் எனக்கு எல்லாம் விளங்கியது. அவளுக்கு விடுமுறையான நாளில் வந்த ஒரு பாட்டி, மலாய்த் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருப்பார். இதை நான் அவரிடமே சொன்னேன். அப்படியென்றால் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து, பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் அடங்கும்படி எழுதினேன். அவர் சொன்ன எண்களை அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இப்போது அது படி எடுக்கப்பட்டுக் கல்லாவின் இடப்பக்கத் தட்டில் இருக்கிறது. மருந்து எதுவும் வாங்காவிட்டாலும், கேட்டால் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள்.